தச்சநல்லூரில் வைத்த பை

சங்கரி டீச்சர் தமிழ்நாட்டு வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் போடுவாள் என்று பாளையங்கோட்டையில் அவளிடம் படித்த பெண்கள் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு என்பது கொஞ்சம் மிகை. ஆனால் பழவேற்காட்டில் சாக்பீஸை வைத்தால், கையை எடுக்காமல் கோடியக்கரைக்கு வந்து, வளைந்து நெளிந்து கன்னியாகுமரியைத் தொட்டு, மலையோரமாக மேலே ஏறி, மறுபடியும் பழவேற்காட்டில் வந்து நிற்பாள் என்பது சத்தியம். அப்புறம் ஊர்களுக்குப் புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து நெடுஞ்சாலை. முப்பது வருஷம் இப்படி ஊருக்கு ஊர் கோடு இழுத்தவள், அந்தக் கோடுகளில் ஒன்றில்கூட ஒரு சக்கரத்தைத் தன் கையால் உருட்டியதில்லை. பஸ்ஸில் பெண்கள் பக்கம், காரில் இடது பக்கம். அவள் பார்த்த தமிழ்நாடெல்லாம் இந்த இரண்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான்.

காரில் வலது பக்கம் அவள் கணவர் ஞானசம்பந்தனுடையது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஸ்டியரிங்கைப் பிடிக்காதவரை. பிடித்துவிட்டால் ராஜா. வழி கேட்கமாட்டார், நிறுத்தமாட்டார், மறந்துபோன சாமானுக்காக வண்டியைத் திருப்பவே மாட்டார். ஒருமுறை குற்றாலத்துக்குப் போகும்போது துண்டு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டது ஆலங்குளத்தில் ஞாபகம் வந்தது. திரும்பலாமே என்றாள் சங்கரி. பாதியில் திரும்புகிறவன் வண்டியே எடுக்கக்கூடாது என்றார் அவர். அன்றைக்குக் குடும்பமே ஈரத்துணியோடு வீடு வந்து சேர்ந்தது, மூன்று பேருக்கும் ஜலதோஷம்.

அப்படிப்பட்ட மனிதரின் கண்ணில் போன வருஷம் சர்க்கரை கைவைத்துவிட்டது. பேப்பர் படிக்கலாம், நடக்கலாம், டி.வி. பார்க்கலாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் காருக்குத் தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையிலும் கயிறு கட்டினார். சங்கரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே அவள் சுடலைமணியின் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கூடப் படித்ததெல்லாம் காலேஜ் பிள்ளைகள். எட்டுப் போட முடியாமல் ஒருநாள் குச்சியைச் சாய்த்ததும் உண்டு, லைசென்ஸை ஒரே தடவையில் வாங்கியதும் உண்டு. தார்ப்பாய் அவிழ்ந்தது. கோயில், மார்க்கெட், கண் ஆஸ்பத்திரி என்று பாளையங்கோட்டைக்குள்ளேயே ஓட்டினாள். ஞானசம்பந்தன் இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

ஊருக்குள் ஓட்டுவதெல்லாம் ஓட்டுவதில் சேர்த்தியா என்பது அவர் கட்சி. வண்டி சும்மா கிடந்து துருப்பிடிப்பதற்குப் பதில் விற்றுவிடலாம் என்று சமாதானபுரத்தில் பழைய கார் வாங்கி விற்கிற ஹெப்ரானிடம் பேசியும் விட்டார். ஹெப்ரானும் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, எப்போது கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சங்கரிக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பழைய சாம்பல் நிற வேகன் ஆர் மேல் அப்படி என்ன பாசம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, சொல்லக் கூச்சம். நான் சொல்கிறேன். ஆழ்வார்குறிச்சியில் பிறந்து, அப்பா சொன்ன காலேஜில் படித்து, மாமியார் சொன்ன குழம்பை வைத்து, ஹெட்மிஸ்ட்ரஸ் கொடுத்த பீரியடை எடுத்து வாழ்ந்த மனுஷி, முதன்முதலாகத் தான் நினைத்த பக்கம் திரும்பியது அந்த வண்டியில்தான். அதைப் போய் இன்னொருவனுக்குக் கொடுப்பதா?

அந்த நேரம் பார்த்து மகள் கோமு கோயம்புத்தூரில் கட்டிய புது வீட்டுக்கு ஆவணியில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை பால் காய்ப்பு என்று நாள் குறித்தாள். ராத்திரி ரயிலில் போய்விடலாம் என்றார் ஞானசம்பந்தன். காரில் போவோம், நான் ஓட்டுகிறேன் என்றாள் சங்கரி. அவர் சிரிக்கவில்லை. 

"சரி. புதன்கிழமை காலையில கெளம்பி, வெளக்கு வைக்கதுக்குள்ள கோயம்புத்தூர் போய்ச் சேரணும். நீதான் ஓட்டணும். பாதியில திரும்பினேன்னா வண்டி ஹெப்ரானுக்கு. சம்மதமா?"

"போய்ச் சேர்ந்துட்டா?"

"சேரு, பாப்போம்."

திட்டம் போடுவது சங்கரிக்குக் கரும்பு. தின்னக் கூலி வேறு கிடைக்கிறதென்றால் விடுவாளா? சாப்பாட்டு மேசையில் ஒரு சார்ட் பேப்பரை விரித்தாள். கூகுள் இருக்கும்போது சார்ட் எதற்கம்மா என்று கோமு போனில் சிரித்தாள். கூகுளுக்குச் சில விஷயம் தெரியாது. விருதுநகரில் வாழ்க்கைப்பட்ட பழைய மாணவி ஒருத்திக்கும், திண்டுக்கல்லில் வேலை பார்க்கிற இன்னொருத்திக்கும் போன் போட்டு, எந்தப் பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரும், எந்த ஓட்டலில் வண்டியைப் பின்னால் எடுக்காமலேயே வெளியே வரலாம் என்று விசாரித்தாள். பின்னால் எடுப்பது இன்னும் அவளுக்கு உதறல்தான். கயத்தாறில் காற்று தள்ளும், திருமங்கலத்தில் நெரிசல், மதுரைக்குள் நுழையாமல் சமயநல்லூர் பக்கம் போய்விட வேண்டும், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரி. எல்லாவற்றையும் பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரிக் கட்டம் கட்டி எழுதினாள். நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

இது என்ன, மறந்துபோச்சா என்று விரலை வைத்தார் ஞானசம்பந்தன்.

"ஃப்ரீ பீரியட், அத்தான். ஒரு மணி நேரம். எந்த டீச்சர் என்னைக்கு லீவு போடுவான்னு முன்னாலயே தெரியுமா? அதுக்குத்தான்."

ரோட்டில் போய் ஃப்ரீ பீரியடாம் என்று அவர் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அவருக்கும் ஒரு திட்டம் இருந்தது. தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தவர் புதன்கிழமை வடக்கே சூலம் என்று கண்டார். சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குப் பயணம் புறப்படக்கூடாது. நெல்லையிலிருந்து கோயம்புத்தூர் போகிறவன் வடக்கே புறப்படாமல் வேறு எங்கே புறப்படுவான்? பரிகாரம் பால் என்று அந்தத் தாளிலேயே போட்டிருக்கிறதே, ஒரு வாய் பாலைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றாள் சங்கரி. முதல்முதலாக இவ்வளவு தூரம் போகிறாய், பால் மட்டும் போதாது, பரஸ்தானம் வைத்துவிடுவோம் என்றார் அவர்.

பரஸ்தானம் என்பது நம் பெரியவர்கள் கெட்ட நேரத்தை ஏமாற்றக் கண்டுபிடித்த வழி. நாம் புறப்படும் நாள் சரியில்லையா, அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நம் மூட்டை ஒன்றைப் போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மூட்டை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்ட கணக்கு. அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் போய், அதை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம்.

திங்கள்கிழமை நல்ல நேரத்தில் அவர் டவுன் பஸ்ஸில் போய் ஒரு துணிப்பையைத் தச்சநல்லூரில் இருக்கிற சிநேகிதர் ஆவுடைநாயகம் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். தச்சநல்லூர் ஊருக்கு வடக்கே, போகிற வழி. பைக்குள் ஏதோ வேட்டி துண்டை வைக்காமல், மங்கலமாக இருக்கட்டும் என்று காமாட்சி விளக்கை வைத்தார். சங்கரிக்குக் கல்யாணத்தில் அவள் அம்மா கொடுத்த விளக்கு அது. டவுனில் வாடகை வீடு, அப்புறம் குவார்ட்டர்ஸ், அப்புறம் சொந்த வீடு, எங்கே குடி போனாலும் முதலில் அந்த விளக்கை ஏற்றித்தான் பால் காய்ச்சியிருக்கிறாள். இப்போது கோமுவுக்குக் கொடுக்கப் போகிறாள்.

புதன்கிழமை வெள்ளென எழுந்தார்கள். பாலைக் குடித்தார்கள். சீர்ப் பாத்திரம், கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு, வாழைக்குலை என்று பின்சீட்டில் சாமான்கள் கூரையைத் தொட்டன. சங்கரிக்குக் கை சில்லிட்டிருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

சார்ட்டில் போட்டிருந்தது, வண்ணார்பேட்டை வழியாகத் தச்சநல்லூர். தெருவை விட்டு வெளியே வந்ததுமே ஞானசம்பந்தன் பழைய வழக்கத்தில் கையை நீட்டினார். ஊருக்குள் போனால் ஸ்கூல் வேன் எல்லாம் குறுக்கே வரும், கே.டி.சி. நகர் போய் நாலுவழிச் சாலையைப் பிடி என்றார். அவர் கை காட்டுவதும் வண்டி திரும்புவதும் முப்பது வருஷமாக நடக்கிற காரியம். இத்தனை நாளும் திருப்பியது அவர், இன்றைக்குத் திருப்பியது அவள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது தாமிரபரணியைப் பார்த்து இருவரும் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார்கள். தச்சநல்லூரும் பையும் இரண்டு பேர் நினைப்பிலும் இல்லை.

கங்கைகொண்டான் தாண்டியது. வண்டி நன்றாகத்தான் போனது. கயத்தாறை நெருங்கவும் இரண்டு பக்கமும் காற்றாடிகள் வெறிபிடித்துச் சுற்ற, காற்று வண்டியைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, பைய ஒரு டீக்கடை ஓரம் கொண்டுபோய் நிறுத்தினாள். பயந்தாள்தான். ஆனால் பயந்தும் ஓட்டிவிட்டோம் என்று அவளுக்கே ஒரு சந்தோஷம் வந்தது.

அப்போதுதான் கோமு கூப்பிட்டாள். எங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, ஐயர் காலையில் முதலில் விளக்கைத்தான் கேட்பாராம், விளக்கை மேலாக வைத்திருக்கிறாயா அம்மா என்றாள்.

சங்கரி கணவரைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

பிறகு கால்மணி நேரம் போன் பேச்சுத்தான். ஆவுடைநாயகம் தன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கொண்டுவருவதாகச் சொன்னார். வேண்டாம், இந்தக் காற்றுக்கு அந்த வண்டியும் நீங்களும் சேர்ந்து பறந்துவிடுவீர்கள் என்றாள் சங்கரி. அவருக்கு எழுபது வயது. ராத்திரி ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம் என்றார் ஞானசம்பந்தன். அந்த பஸ் தாமதமானால் விடியற்காலை விளக்குக்கு எங்கே போவது என்றாள் அவள். கடைசியில் அவர் காற்றாடியைப் பார்த்தபடி நின்றார். பந்தயம் அவருக்கும் ஞாபகம் இருந்தது. வழியை மாற்றியது யார் என்பதும் ஞாபகம் இருந்தது. இரண்டையும் அவர் சொல்லவில்லை.

சங்கரி இரண்டையும் நினைத்தாள். ஆம்னி பஸ்ஸை நம்பி நேரே போனால் அவள் ஜெயிக்கலாம். அவள் கண்ணுக்கு முன்னால் வண்டி, பாதி வழிகூட வராத நெடுஞ்சாலை, அம்மா பாவாடைத் துணியில் சுற்றிக் கொடுத்த விளக்கு எல்லாம் சேர்ந்து வந்தன.

"அத்தான், திரும்பினா நான் தோத்தேன்னு ஆயிரும். தெரிஞ்சுதான் திருப்புதேன். வண்டி போனாப் போகட்டும். அந்த வெளக்கில்லாம கோமு வீட்டுல பால் பொங்கக் கூடாது."

அவர் ஏறி உட்கார்ந்தார்.

பக்கத்து மேம்பாலத்துக்கு அடியில் வண்டியைத் திருப்பி எதிர்ச்சாரியில் ஏற்றினாள். நெடுஞ்சாலையில் யாரும் கை காட்டாமல், யாரையும் கேட்காமல் அவள் திருப்பிய முதல் திருப்பம் அதுதான். தோற்கிறதுக்கென்று இவ்வளவு நன்றாகத் திருப்பியிருக்கிறேனே என்று நினைத்தபோது அழுகை வந்தது. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தால் காற்று வண்டியைப் பிடுங்கிவிடும். அதனால் அழுகையை அடக்கிக்கொண்டாள்.

தச்சநல்லூரில் ஆவுடைநாயகம் பையோடு வாசலிலேயே நின்றார். ஃப்ரீ பீரியட் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். பந்தயமும் தெரியும். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன வே, பாதியில திரும்பிட்டியளே. அப்பம் வண்டி ஹெப்ரானுக்குத்தானா?"

சங்கரி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஞானசம்பந்தன் இறங்கினார். பையை வாங்கினார். உள்ளே கையை விட்டு விளக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தலையை நிமிர்த்தினார்.

"யாரு வே திரும்பினா? பரஸ்தானம் வச்சவன் பைய எடுத்தாத்தான் பயணம். பைய எடுக்காம சுத்தினது பயணத்துல சேர்த்தியே இல்ல. நாங்க இப்பதான் கெளம்புதோம்."

 சாஸ்திரத்தை எதிர்த்து ஆவுடைநாயகம் என்ன பேசுவார்? அப்படியென்றால் வடக்கே சூலம், பாலைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே ஓடி இரண்டு டம்ளர் பால் கொண்டுவந்தார். சங்கரி ஒரு வாய் குடித்தாள். குற்றாலத்திலிருந்து ஈரத்துணியோடு வந்த மனுஷன்தானா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அவளுக்கு எத்தனையோ புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறார், அன்றைக்குக் கொடுத்ததற்கு அதெல்லாம் ஈடாகாது.

வண்டியில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"இனிமே நான் வழி சொல்லல. உன் சார்ட்ல என்ன போட்டிருக்கோ அப்பிடியே போ."

சார்ட் சொன்னபடிதான் போனாள். கயத்தாறில் காற்று மறுபடியும் தள்ளியது, இந்தத் தடவை அவள் டீக்கடை ஓரம் ஒதுங்கவில்லை. விருதுநகர்ப் பெட்ரோல் பங்கில் மாணவி சொன்னபடியே தண்ணீர் வந்தது. திருமங்கலத்தில் நெரிசல் இருந்தது, மதுரையை வெளியிலேயே விட்டுச் சமயநல்லூருக்குப் போனார்கள். காலையில் போன ஒரு மணி நேரத்தைக் காலிக் கட்டம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது. திண்டுக்கல்லில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ஞானசம்பந்தன் கடிகாரத்தையும் சார்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.  வாடிப்பட்டியிலேயே அவர் வலது கால் மிதிப்பதை நிறுத்திவிட்டதை சங்கரி கவனித்திருந்தாள்.

ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனிமலை தெரிந்தபோது, அத்தான், முருகனைக் கும்பிட்டுக்கோங்க என்றாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் பையைக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேறொருவர் ஓட்டுகிற வண்டியில் கண் மூடாத மனிதர். பஸ்ஸிலேயே டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறவர். சங்கரி முருகனை அவருக்கும் சேர்த்துக் கும்பிட்டாள், கையை எடுக்காமல், மனசாலேயே. உடுமலையில் பள்ளம் மேடு வந்த இடத்திலெல்லாம் அவர் தூக்கம் கலையாமல் பைய ஓட்டினாள்.

கோமுவின் புது வீட்டுத் தெருவில் வண்டி நுழைந்தபோது வெயில் இன்னும் மாடிச் சுவரில் இருந்தது. கோமு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வண்டி முழுக்கப் புழுதி, முன்கண்ணாடியில் பூச்சி. ஞானசம்பந்தன் விளக்குப் பையைப் பூஜை அறையில் வைத்துவிட்டு வந்து, தெருவில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்சக்கரம் நேராக நிற்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தார். நேராகத்தான் நின்றது.

அந்நேரம் அவர் போன் அடித்தது. ஹெப்ரான். பயணம் எப்படி, வண்டி பாதியில் திரும்பிவிட்டதாகத் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பேச்சு அடிபடுகிறதே, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். நம் ஊரில் செய்தி நாலுவழிச் சாலையைவிட வேகமாகப் போகும்.

"ஹெப்ரான், நான் வண்டியில ஒக்காந்து வந்தவன். ஓட்டுனவ இங்கன நிக்கா. அவகிட்டயே கேளும்" என்று ஞானசம்பந்தன் போனை சங்கரியிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். கை இப்போது சில்லிடவில்லை.

"தம்பி, வண்டி விக்கதுக்கில்ல. ஊருக்குத் திரும்பி ஓட்டிட்டு வரணும்லா" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஞானசம்பந்தனைக் காணோம். கோமுவின் புதுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்கு முன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை கிழக்கே சூலம், பழனி பக்கம் போகிறவர்களுக்கு அது ஆகாது என்றார். ஞாயிற்றுக்கிழமை மேற்கே, நமக்கு ஒன்றுமில்லை, பை எங்கேயும் வைக்க வேண்டாம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"திரும்பிப் போகும்போதும் அந்த ஃப்ரீ பீரியட் போடுவேல்லா?"

போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததும் அதோடு சேர்ந்து வந்தது. இப்போது ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதில்லையே, இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள்.